வேலை மெயில் வரலையா? 'ஸ்பேம்' பெட்டியை பாருங்க!

ஆலந்தலை:
கப்பல் வேலை, வெளிநாட்டு வேலைக்கு மனு போட்டுவிட்டு, 'மெயில் வரவே இல்லையே' என்று காத்திருக்கிறீர்களா? திருச்செந்தூர் அருகே ஆலந்தலையில் இருந்தாலும் துபாயில் இருந்தாலும் சிக்கல் ஒன்றுதான்.

அனுப்பியவர் நல்லவராக இருந்தாலும், ஜிமெயில் அதை குப்பை மெயில் என்று நினைத்து 'ஸ்பேம்' பெட்டியில் தள்ளிவிடும். இரு தரப்புக்கும் தகவல் வராது. 30 நாளில் தானாக அழிந்துவிடும்.

அனுப்பும் முகவரி உண்மையானதுதான் என்பதற்கு அடையாளம் வேண்டும் என 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், யாகூ கெடுபிடி காட்டுகின்றன. அது இல்லாத சிறு கம்பெனிகளின் மெயிலும் சிக்கிக்கொள்ளும்.

செல்போனில் ஜிமெயிலை திறந்து, மேலே உள்ள மூன்று கோட்டை தொட்டு, ஸ்பேம் பெட்டிக்கு போங்க. தெரிந்த கம்பெனி மெயில் என்றால் 'ஸ்பேம் இல்லை' என்பதை அழுத்துங்க. அங்கேயும் இல்லையா? கம்பெனிக்கு போன் போட்டு கேட்டுடுங்க.

ஆனால் உஷார்! மோசடி மெயிலும் அதே பெட்டியில்தான் கிடக்கும். முன்பணம் கேட்டால் நம்பாதீங்க.