ஸ்கோர் திடீரென எகிறினால் சந்தேகப்படலாமா? வாட்டர் ஸ்கீயிங் சொல்லும் பாடம்

ஒரு வீரர் இதுவரை தொடாத ஸ்கோரை ஒரே நாளில் எடுக்கிறார். 'செம'ன்னு கைதட்டுவீர்களா, 'எப்படிப்பா?'ன்னு கேட்பீர்களா? வாட்டர் ஸ்கீயிங்கில் இரண்டுமே நடக்கும். காரணம், அந்த விளையாட்டின் கணக்கு.

ஸ்கோர் எப்படி வருகிறது?

ஸ்லாலம் பிரிவில், 259 மீட்டர் பாதையின் நடுவே படகு நேராகப் போகும். பின்னால் கயிற்றைப் பிடித்து வருபவர் இருபக்கமும் மாறி மாறி 6 மிதவைகளைச் சுற்ற வேண்டும். ஆண்களுக்கு உச்ச வேகம் மணிக்கு 58 கி.மீ. மொத்தமே சுமார் 16 நொடிதான்!

அந்த வேகத்தில் ஆறையும் முடித்தால், அடுத்த சுற்றில் கயிற்றைக் குறைப்பார்கள். 18.25 மீட்டரில் தொடங்குவது முன்னணி வீரர்களுக்கு 9.75 மீட்டர் வரை வந்துவிடும். மிதவையோ பாதையின் நடுவிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி இருக்கிறது. மீதி 1.75 மீட்டரை கையையும் உடலையும் நீட்டித்தான் எட்ட வேண்டும்.

அரை மிதவைக்கு இவ்வளவு பேச்சா?

ஆமாம். 2013-ல் அமெரிக்காவின் நேட் ஸ்மித் 9.75 மீட்டர் கயிற்றில் இரண்டரை மிதவை எடுத்து உலக சாதனை படைத்தார். முந்தைய சாதனை இரண்டு. வித்தியாசம் வெறும் அரை!

எதைச் சரிபார்ப்பார்கள்?

கயிற்றின் நீளம், மிதவைகள் இருக்கும் இடம், படகு எடுத்துக்கொண்ட நேரம், வீடியோ. முக்கியமாக, படகு போன தடம். வீரர் இருக்கும் பக்கமாகப் படகு கொஞ்சம் சாய்ந்தாலே அவருக்கு மிதவை கிட்ட வந்துவிடும். அது அவர் கையில் இல்லை. ஓட்டுநர் கையில் இருக்கிறது.

அப்போ உயர்ந்த ஸ்கோர் என்றாலே மோசடியா?

இல்லை. காற்றில்லாத ஏரி, பழகிய இடம், நன்றாகத் தெரிந்த படகு ஓட்டுநர் என நேர்மையான காரணங்கள் நிறைய உண்டு. இன்னொன்று: 30 போட்டிகளில் ஆடுபவரின் 'பெஸ்ட்', 5 போட்டிகளில் ஆடுபவரின் 'பெஸ்ட்'டைவிட உயர்வாக இருக்க வாய்ப்பு அதிகம். திறமை ஒன்றாகவே இருந்தாலும்கூட! அதனால் ஒரே ஒரு ஸ்கோரை வைத்து யாரையும் குற்றவாளி ஆக்க முடியாது. வழக்கத்தை மீறிய எண் ஒரு கேள்வியை எழுப்பும், அவ்வளவுதான். பதில் கயிற்றிலும் வீடியோவிலும் இருக்கிறது.

யாருக்கு லாபம்?

சோதனையே இல்லாவிட்டால், உண்மையாகச் சாதித்தவர் மீதும் சந்தேகம் ஒட்டிக்கொள்ளும். சரிபார்த்து 'ஓகே' சொன்ன ஸ்கோரைப் பிறகு யாரும் முணுமுணுத்துக் குறைக்க முடியாது. கால் மிதவையில் தோற்றவருக்கும், சரியாகத்தான் தோற்றோம் என்ற நிம்மதி கிடைக்கும்.