மாசி மாதக் கதைக்கூடல்

மூத்தோர் கதை கேட்கும் கூடலொன்றை வருகின்ற மாசி மாதத்தில் கோடைக்கானல் மலையில் நடத்துவதென நமது சங்க நிர்வாகக் குழு தீர்மானித்திருக்கிறது. கதை சொல்ல வருவோர், திருநங்கையர், திருநம்பியர், தன்பாலீர்ப்புடையோர் ஆகியோருள் வயது முதிர்ந்தவர்கள். "நூலுக்கும் பூண்டுக்குமான சங்கத்திற்கு இதனால் ஆவதென்ன?" என்று அங்கத்தினர் சிலர் வினவினர். நியாயமான கேள்வியே. நமது தறிகளுக்குத் தார் சுற்றியவர்களிலும், நமது தோட்டங்களில் களையெடுத்தவர்களிலும் இத்தகையோர் என்றும் இருந்து வந்திருக்கின்றனர். அவர்களிடம் வேலை வாங்கியிருக்கிறோம்; வாழ்க்கையைக் கேட்டதில்லை. இது முதற் காரணம். இரண்டாவது காரணம் நாம் செய்த ஒரு பிழை. அதை மறைக்காமல் கூறிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் சங்கத்தின் சிறு கூட்டமொன்றில் முதிய அம்மையார் ஒருவர் பேசினார். முப்பது ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் தம்மோடு வாழ்ந்த தோழி இறந்து அப்போது சில வாரங்களே ஆகியிருந்தன. அக்கம்பக்கத்தார் அவ்விருவரையும் அக்காள் தங்கை என்றே எண்ணியிருந்தனர். துயரம் தாங்காமல், தோழி தமக்கு யாராக இருந்தார் என்பதை அன்று அவர் மனம் விட்டுச் சொன்னார். கேட்டவர்கள் கண் கலங்கினர். நாமோ நல்லெண்ணத்தோடு, அவரைக் கேளாமலே, அதனை ஊர்ப் பெயரோடும் படத்தோடும் இவ்விதழில் அச்சிட்டோம். ஒரு மாதத்திற்குள் வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அம்மையார் மலையிறங்கிப் பழனிப் பக்கம் போய்விட்டார்.

திருநங்கையருக்குக் கதை சொல்லவும் கேட்கவும் ஓரளவேனும் இடமுண்டு. ஜமாத்தில் குருவும் மூத்தோரும் இருக்கின்றனர். சித்திரைப் பௌர்ணமிக்குக் கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் ஆயிரக்கணக்கானோர் கூடி, அரவானுக்காகத் தாலி கட்டி, மறுநாள் அறுத்து அழுது, பழங்கதை பேசித் திரும்புகின்றனர். திருநங்கையரின் வாழ்க்கைகளைத் தேடித் திரட்டி அ. ரேவதி அவர்கள் 'உணர்வும் உருவமும்' என்னும் நூலை 2004ஆம் ஆண்டில் வெளியிட்டார். தாமும் அவர்களுள் ஒருவர் ஆதலால் அவரிடம் அவர்கள் பேசினர் என்பதை நாம் மறத்தலாகாது. 2008ஆம் ஆண்டில் தமிழக அரசு திருநங்கையருக்கென நலவாரியம் அமைத்தது. ஆதரவற்ற திருநங்கையருக்கான ஓய்வூதியம் 40 வயதிலேயே தொடங்குகிறது. முதுமை அவர்களை எவ்வளவு விரைவில் வந்தடைகிறதென்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆனால் ஆணை நேசித்த ஆணுக்கும், பெண்ணோடு வாழ்ந்த பெண்ணுக்கும் ஜமாத்துமில்லை, திருவிழாவுமில்லை. 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவைத் திருத்திப் பொருள் கொண்டு, வயது வந்தோர் மனமொப்பிக் கொள்ளும் உறவு குற்றமன்று என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2018 செப்டம்பரில்தான். அன்று அறுபது வயதானவர் தம் இளமை முழுவதையும் அச்சத்திலேயே கழித்திருப்பார். அவ்வாண்டில்தான் நம் மலையிலும் குறிஞ்சி பூத்தது. மறுமுறை பூப்பது 2030இல். எழுபதைக் கடந்தவர்களை நாம் அதுவரை காத்திருக்கச் சொல்ல முடியாது.

இனி ஏற்பாடுகள். தை மாதத்தில் பூசத்திற்குப் பாதயாத்திரை வருவோரால் பழனிப் பேருந்துகள் நிறைந்துவிடும். சித்திரை, வைகாசியில் கோடைக்கானலில் அறை கிடைப்பதரிது. மேலும் திருநங்கையர் கூவாகம் சென்றுவிடுவர். ஐப்பசி, கார்த்திகையில் மழையால் மலைப்பாதை சரியக்கூடும். ஆகவே மாசி. பழனியிலிருந்து மேலே வர 64 கிலோமீட்டர், வளைவுகள் மிகுதி. முதியோர் பலர் வழியில் இறங்கி இளைப்பாற வேண்டியிருக்கும். ஆதலால் பேருந்தை நம்பாமல் வண்டி அமர்த்துகிறோம். போக்குவரத்துச் செலவும், அன்றைய கூலி இழப்பும் முன்கூட்டியே கையில் கொடுக்கப்படும். பிறகு தருவோம் என்று சொல்வது பிறரிடம் செல்லும். பலமுறை ஏமாற்றப்பட்டவர்களிடம் செல்லாது.

இடம் ஏரிக்கரையோ பேருந்து நிலையப் பகுதியோ அன்று. பார்ப்போர் கண் அங்கு மிகுதி. நமது கிடங்கே போதும். தரை குளிருமாதலால் ஜமக்காளத்தின்மேல் நாற்காலிகள் போடப்படும். மூன்று மணிக்குள் முடித்து, மூடுபனி இறங்குமுன் அனைவரையும் வழியனுப்பிவிட வேண்டும்.

மேடை கிடையாது, பொன்னாடை கிடையாது, ஒலிபெருக்கியும் கிடையாது. நடுவில் இரண்டு கூடை மலைப்பூண்டு வைக்கப்படும், உரித்தபடியே பேசலாம். விரும்பினால் தார் சுற்றலாம். கைக்கு வேலையிருக்கும்போது வாய் தானாகத் திறப்பதை நெசவாளர் எவரும் அறிவர். பேச விருப்பமில்லாதவர் பூண்டு மட்டும் உரித்துவிட்டுச் சாப்பிட்டுப் போகலாம். அதுவும் கூடலில் கலந்துகொண்டதே ஆகும். சொல்பவர் தம்மை எச்சொல்லால் குறிக்கிறாரோ அச்சொல்லையே நாமும் வழங்குவோம். "எப்போது மாறினீர்கள்?", "வீட்டில் ஏன் சேர்க்கவில்லை?" என்று குறுக்கே கேட்பதற்கு நம்மில் சிலருக்கு நாக்கு துடிக்கும். அடக்கிக்கொள்ள வேண்டுகிறோம்.

படமெடுக்கும் கருவிகளும் கைப்பேசிகளும் வாயிலிலேயே வாங்கி வைக்கப்படும். எழுதிக்கொள்ள ஒருவர் இருப்பார். ஆனால் சொன்னவர் இசைந்தாலொழிய ஒரு வரியும் எழுதப்படாது. எழுதியதை அன்றே அவருக்குப் படித்துக் காட்டி, தாள்களை அவர் கையிலேயே கொடுத்துவிடுவோம். அச்சிடத்தக்கதென அவர் பின்னொரு நாள் நினைத்து அனுப்பினால் அச்சிடுவோம். அனுப்பாவிட்டால் இவ்விதழில் அக்கூடலைப் பற்றி ஒன்றும் வாராது. இதழுக்கு இழப்புத்தான், ஒருவர் வீட்டை இழந்ததை நோக்க இது பெரிதன்று.

பழனிப் பக்கம் போன அம்மையாருக்கும் ஆள் அனுப்பியிருக்கிறோம். விடை இன்னும் வரவில்லை.

வர விரும்புவோரும், அவர்களை அறிந்தோரும் தை மாத முடிவுக்குள் செயலாளரிடம் வாய்மொழியாகத் தெரிவிக்கலாம். பெயரோ ஊரோ சொல்ல வேண்டுவதில்லை. எத்தனை பேர் என்பது மட்டும் தெரிந்தால் போதும், சமையலுக்கு.