தெரிந்த முகம், தெரியாத முடிவு

1992 நவம்பரில் வெளியான இதழில் சூப்பர்மேன் செத்துப்போனார். வாசகர்கள் முண்டியடித்து அந்த இதழை வாங்கினார்கள். மறு ஆண்டே அவர் உயிரோடு திரும்பிவிட்டார். 1938 முதல் விற்றுவரும் நாயகனை எந்தப் பதிப்பகம்தான் நிரந்தரமாகப் புதைக்கும்? பெரிய நாயகர்களுக்கு எதுவும் நடக்கலாம், ஆனால் நடந்தது எதுவும் நிலைக்காது. அவர்களின் சாயலில் பிறக்கும் புதிய நாயகர்களை வாசகர்கள் விரும்புவதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

ஆலன் மூரின் ‘வாட்ச்மென்’ இதற்கு நல்ல சான்று. டிசி நிறுவனம் சார்ல்டன் பதிப்பகத்திடமிருந்து வாங்கிய நாயகர்களை வைத்துத்தான் அவர் முதலில் கதை அமைத்தார். கதை முடியும்போது அவர்கள் மறுபடி உதவமாட்டார்கள் என்பதால், புதியவர்களைப் படைக்கும்படி ஆசிரியர் டிக் ஜியோர்டானோ சொன்னார். அப்படித்தான் கேப்டன் ஆட்டத்தின் சாயலில் டாக்டர் மன்ஹாட்டனும், குவெஸ்சனின் சாயலில் ரோர்ஷாக்கும் பிறந்தார்கள். இப்படிச் சாயலில் படைப்பதன் இன்னொரு லாபம் சிக்கனம். கர்ட் பியூசிக்கின் ‘ஆஸ்ட்ரோ சிட்டி’ 1995இல் தொடங்கியபோது, அதில் வரும் சமாரிட்டன் யார் என்று விளக்கப் பக்கங்களைச் செலவழிக்க வேண்டியிருக்கவில்லை. பறக்கும் வீரனைப் பார்த்ததுமே வாசகருக்குப் புரிந்துவிடுகிறது. மிச்சமான இடத்தில் பியூசிக் சமாரிட்டனின் ஏக்கத்தைச் சொன்னார்: நாளெல்லாம் பிறரைக் காக்கப் பறப்பவர், ஆசைக்குப் பறப்பது கனவில் மட்டும்.

இதெல்லாம் பழைய கள், புது மொந்தை என்பார்கள் சிலர். வெறும் நகல்கள் நிறையவே உண்டு என்பதால் அந்தக் குற்றச்சாட்டைத் தள்ளிவிட முடியாது. ஆனால் சாயலே திருட்டு ஆகிவிடாது. சூப்பர்மேனைக் காப்பியடித்ததாக கேப்டன் மார்வெலின் பதிப்பகமான பாசெட் மீது 1941இல் வழக்குப் போடப்பட்டது. 1953இல் பாசெட் பணிந்து அந்த நாயகனை நிறுத்தியது. ஆயினும் ஒரே சொல்லை உச்சரித்து கேப்டன் மார்வெலாகும் பில்லி என்ற சிறுவன் குழந்தைகளுக்குத் தந்த கனவு, சூப்பர்மேனிடம் இல்லாதது. வழக்குப் போட்டவர்களின் வாரிசான டிசியே பின்னாளில் அவனை விலைக்கு வாங்கி, இன்றும் வெளியிட்டுவருகிறது.

மூலத்தை அறியாதவருக்கு இதில் என்ன சுவை என்றும் கேட்கலாம். ராபர்ட் கிர்க்மனின் ‘இன்வின்சிபிள்’ பதில் சொல்கிறது. அதன் நாயகன் மார்க்கின் தந்தை ஆம்னி-மேன் யாருடைய சாயல் என்று தெரிந்தால் அவரது துரோகம் கூடுதலாகச் சுடும். தெரியாவிட்டாலும், தந்தையை நம்பி ஏமாந்த மகனின் வலி புரியும். 2003இல் பள்ளி மாணவனாக அறிமுகமான மார்க், 2018இல் 144ஆவது இதழோடு கதை முடிவதற்குள் தானும் தந்தையாகிவிட்டான். சூப்பர்மேனுக்கு அந்தப் பதினைந்து ஆண்டுகளில் ஒரு முடிகூட நரைக்கவில்லை.