விசை ஒன்று, எழுத்து நான்கு

கட்டாரிலிருந்து மாமா கொண்டுவந்த மடிக்கணினியின் விசைகளில் ஆங்கில எழுத்துகளோடு அரபு எழுத்துகளும் அச்சிடப்பட்டிருந்தன. தமிழ் இல்லை. என் உம்மா திருமணத்துக்கு முன் ஒரு கொமினிகேஷனில் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்தவர். விசைகளைப் பாராமலே அடிப்பாராம். ஏறத்தாழ இருபது வருடங்களுக்குப் பின் அந்தக் கணினியின் முன் அமர்ந்து ‘தமிழ்’ என்று அடித்தார். திரையில் ‘பமண்டந’ என்று விழுந்தது.

“எல்லாம் மறந்து போச்சு மகள்” என்று எழுந்துவிட்டார்.

உம்மா மறக்கவில்லை. அவரது விரல்கள் சரியான இடங்களுக்கே சென்றன.

விசையை அழுத்தும்போது விசைப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை. எந்த இடத்து விசை என்பதைக் குறிக்கும் எண்ணை மட்டுமே அனுப்புகிறது. அதை எழுத்தாக மாற்றுவது, கணினியில் நாம் தெரிவுசெய்துள்ள விசைப்பலகை அமைப்பு. இடது சுட்டுவிரலின் கீழே சிறு மேடுள்ள விசையைத் தடவிப் பாருங்கள். ஆங்கில அமைப்பில் அது ‘எப்’, அரபில் ‘பா’, பாமினியில் ‘க’, தமிழ்99இல் புள்ளி.

பாமினியின் ஒழுங்கு பழைய தட்டச்சுப் பொறியைத் தழுவியது. அவ்வழியில் வந்த ரெங்கநாதன் அமைப்பே 2008இல் இலங்கையின் தர நியமமானது. தமிழ்99 சென்னையில் 1999இல் நடந்த தமிழிணைய மாநாட்டின் வழி வந்தது. அதில் உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. நான் பழகியது அதில்தான். மடிக்கணினியிலும் அதையே வைத்திருந்தேன். உம்மா அழுத்திய ஐந்து விசைகளில் ‘ம’ மட்டுமே இரண்டு அமைப்பிலும் ஒரே இடத்தில் இருக்கிறது. (‘ண்’ணின் புள்ளி உம்மா வைத்ததல்ல. ணகரத்தை அடுத்து டகரம் வந்தால் தமிழ்99 தானாகவே புள்ளி வைத்துவிடும்.)

“தமிழ் ஸ்டிக்கர் வாங்கி ஒட்டுவமா?” என்றார் வாப்பா. ஸ்டிக்கர் விசையின் முகத்தைத்தான் மாற்றும். உள்ளே தமிழ்99 இருக்க மேலே பாமினியை ஒட்டினால் குழப்பம் இரட்டிப்பாகும். வாங்குவதென்றால் முதலில் அமைப்பை முடிவுசெய்து, அதற்குரியதையே கேட்டு வாங்க வேண்டும்.

ஆங்கிலத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. ஷிப்ட்டுடன் 2ஐ அழுத்தினால் அமெரிக்க அமைப்பில் மின்னஞ்சல் முகவரிக்குரிய குறி வரும். பிரித்தானிய அமைப்பில் மேற்கோள்குறி வரும். கடவுச்சொல் சரியாக இருந்தும் கணினி ஏற்க மறுத்தால் இதையும் பாருங்கள்.

நான் ரெங்கநாதன் அமைப்பையும் நிறுவினேன். விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையை அழுத்தினால் என் அமைப்பிலிருந்து உம்மாவின் அமைப்புக்கு மாறிவிடும். அன்றிரவே எனது ஒப்படையில் இரண்டு பக்கங்களை உம்மா அடித்து முடித்தார். ஸ்டிக்கர் வாங்கவில்லை.