கப்பலேறுமுன் ஓர் இரவு

நமது பெங்களூருக்குக் கடல் இல்லை. அல்சூர் ஏரியைக் கண்டு, ‘இதுதான் கடலா?’ என்று கேட்கும் குழந்தைகள் நம் வீடுகளில் உண்டு. ஆதலால் நம்மவர்களின் கப்பற் பிரயாணம் எப்போதும் ரயிலிலேயே தொடங்குகிறது. ரயிலை விட்டு இறங்குவதற்கும் கப்பலில் ஏறுவதற்கும் நடுவே ஓர் இரவு இருக்கிறது. கப்பற் சீட்டுக்காக மாதக் கணக்கில் யோசனை செய்வோர்கூட, அந்த ஓர் இரவின் ஜாகையைப் பற்றி, ‘போன இடத்தில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று இருந்துவிடுகிறார்கள். அவ்வாறு இருந்துவிடலாகாது என்பதை நாங்கள் அனுபவத்தில் அறிந்தோம். சங்கத்து அன்பர்களுக்குப் பயன்படக்கூடும் என்று கருதியே இதனை எழுதுகிறோம்.

இக்காலத்தில் நமக்கு அருகில் இரண்டு கப்பல் வழிகள் திறந்துள்ளன. சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்பிரஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் 2022 ஜூன் மாதத்தில் தன் பிரயாணங்களைத் தொடங்கியது. 2023 ஜூனில் இலங்கைக்கும் சென்றது. நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்தை அடுத்த காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14 அன்று பிரயாணிகள் கப்பல் விடப்பட்டது. அது சில நாட்களிலேயே நின்றுபோயினும், 2024 ஆகஸ்ட் 16 முதல் ‘சிவகங்கை’ என்னும் கப்பல் அவ்வழியில் ஓடத் தொடங்கியது. கடலைக் கடக்க ஏறத்தாழ நான்கு மணி நேரம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இச்சேவையை நிறுத்துவதும் கடல் அடங்கியபின் மீண்டும் தொடங்குவதுமாக நடந்து வந்திருக்கிறது.

நாங்கள் போனது உல்லாசத்துக்கு அன்று. எங்கள் தாயார் இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியப் பிரஜைகளாக ஏற்கப்பட வேண்டும் என்று முடிவாயிற்று. அவ்வாறு வந்தோருள் எங்கள் தாயாரின் குடும்பமும் ஒன்று. 1973-இல், எட்டு வயதில், தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலில் வந்தார். மணமாகியிருந்த மூத்த சகோதரி அங்கேயே தங்கிவிட்டார். ஐம்பத்திரண்டு ஆண்டுகளில் அக்காளும் தங்கையும் ஒரு முறையேனும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. பெரியம்மா நோயுற்றிருப்பதாகச் செய்தி வந்தது. 2025 மார்ச் மாதத்தில் தாயாரை அழைத்துக்கொண்டு நாகப்பட்டினம் புறப்பட்டோம்.

புறப்படுமுன் வீட்டில் ஒரு விவாதம் நடந்தது. எங்கள் மைத்துனர் சிக்கனக்காரர். “மச்சான், இரவு வண்டியில் ஏறினால் விடிந்ததும் இறங்கி நேரே துறைமுகம் போய்விடலாமே! ஓர் இரவு வாடகை மிச்சமாகுமே!” என்றார். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கும் எங்களுக்கு இந்தக் கணக்கின் குறை தெரியும். மைசூரிலிருந்து பெங்களூர் வழியாக, சேலம், திருச்சி, தஞ்சை, கும்பகோணம் சென்று மயிலாடுதுறையை அடையும் வண்டியில் இரவு ஏறினால் காலையில்தான் இறங்கலாம். அங்கிருந்து நாகப்பட்டினத்துக்குப் பஸ்ஸில் மேலும் இரண்டு மணி நேரமேனும் ஆகும். கப்பலோ காலையிலேயே புறப்படுவது. அதற்கு முன்பே பாஸ்போர்ட்டுச் சோதனையும் சுங்கச் சோதனையும் முடிந்திருக்க வேண்டும். வண்டி தாமதித்தால் அடுத்த வண்டி உண்டு. கப்பல் போய்விட்டால் அன்று வேறு கப்பல் இல்லை. ஆகவே ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேருவதென்று முடிவு செய்தோம்.

அடுத்து, எங்கே தங்குவது? நாகப்பட்டினத்தைச் சுற்றி மூன்று இடங்களில் விடுதிகள் உண்டு. ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தெற்கே வேளாங்கண்ணி. மாதா கோயிலுக்கு வரும் யாத்திரிகர்களுக்காக அங்கே விடுதிகள் மிகுதி. சில கிலோமீட்டர் வடக்கே நாகூர். தர்காவுக்கு வருவோருக்கான ஜாகைகள் அங்கே உள்ளன. மூன்றாவது நாகப்பட்டினம் நகரமே. வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா. நாகூரில் கந்தூரி விழா இஸ்லாமிய மாதக் கணக்கின்படி ஆண்டுதோறும் நாள் மாறி வரும். இவ்விழாக் காலங்களில் அறை கிடைப்பதும் அரிது, சாலையில் விரைந்து செல்வதும் அரிது. கப்பலேறுவோர் பஞ்சாங்கத்தையும் பார்த்துக்கொள்வது நலம்.

நாங்கள் முதலில் ஏமாந்தோம். கைப்பேசியில் அழகிய படங்களைக் கண்டு, நகருக்கு வெளியே ஒரு விடுதியில் முன்பணம் கட்டினோம். தாயாருக்கு முழங்கால் வலி என்று சொல்லித் தரைத்தள அறை கேட்டபோது, “ஆகட்டும் சார்” என்றார்கள். போய்ப் பார்த்தால் இரண்டாம் மாடி, லிப்ட் இல்லை. காலை நான்கரை மணிக்குக் கதவைத் திறக்க ஆள் இருக்குமா என்று கேட்டோம். “ஆறு மணிக்குத்தான் பையன் வருவான்” என்று பதில் வந்தது. கட்டிய முன்பணம் திரும்பவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு, வெயிலில் தாயாரை ஆட்டோவில் ஏற்றியபோது எங்களுக்கு வெட்கமாயிருந்தது. கேட்க வேண்டியதை எழுத்தில் கேளாதது எங்கள் பிழையே.

பிறகு நகருக்குள்ளேயே எளிய விடுதி ஒன்றைக் கண்டோம். படம் பிடித்துக் காட்டத்தக்க அழகு அதில் ஒன்றுமில்லை. ஆனால் தரைத்தளத்தில் அறை இருந்தது, வெந்நீர் வந்தது, துறைமுகம் ஆட்டோவில் சில நிமிடத் தொலைவு. விடுதிக்காரர் வயதானவர். நாங்கள் கப்பலுக்குப் போவதை அறிந்ததும், “நாலு மணிக்கு நானே எழுப்புகிறேன், தம்பி, ஆட்டோவுக்கும் சொல்லிவிடுகிறேன்” என்றார். நாங்கள் தேடிவந்த விடுதி இதுவே என்று அப்போதே தெரிந்துகொண்டோம்.

அன்றிரவு தாயார் நெடுநேரம் உறங்கவில்லை. மண்டபம் முகாமைப் பற்றிப் பேசினார். பிழைப்புத் தேடி இலங்கைக்குச் சென்ற தோட்டத் தொழிலாளர்களை முற்காலத்தில் அங்கேதான் தங்கவைத்து, நோய்ச் சோதனை செய்து கப்பலேற்றினார்கள். ஒப்பந்தத்தின்படி திரும்பி வந்தோரும் அங்கேதான் தங்கினார்கள். “படுக்கச் சொன்ன இடத்தில் படுத்தோம், எழுந்திரு என்றபோது எழுந்தோம். என் அப்பா ராத்திரி முழுவதும் காகிதப் பையை மார்பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்” என்றார். சற்றுப் பொறுத்து, “இந்த அறைச் சாவி நம்மிடந்தானே இருக்கிறது?” என்று கேட்டார். சாவியை அவர் கையில் கொடுத்தோம். அதைத் தலையணையின் கீழ் வைத்துக்கொண்டு உறங்கிவிட்டார்.

காலையில் விடிவதற்கு முன்பே துறைமுக வாயிலில் நின்றோம். சோதனைகள் முடிந்து நாங்கள் உள்ளே அமர்ந்திருந்தபோது, வெளியே ஒரு குடும்பம் ஓடிவந்தது. இரவு முழுவதும் பஸ்ஸில் வந்தவர்கள். வழியில் பஸ் பழுதாகிவிட்டதாம். வாயில் அடைத்தாகிவிட்டது. குழந்தைகள் அழுதன. அவர்கள் மிச்சம் பிடித்தது ஓர் இரவு வாடகை. இழந்தது பிரயாணம் முழுவதும்.

அன்பர்கள் விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது கருதத்தக்கவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். ரயில் நிலையத்துக்கு எவ்வளவு தூரம் என்று பாராமல், துறைமுக வாயிலுக்கு எவ்வளவு தூரம் என்று பாருங்கள். விடியுமுன் கதவு திறப்பவர் யார் என்று கேளுங்கள். தமிழ்நாட்டு விடுதிகள் பலவற்றில் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரக் கணக்கு. சிலவற்றில் நண்பகலோடு கணக்கு முடியும். எது என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். கடல் சீற்றத்தால் கப்பல் நின்றால் மறுநாளும் அறை கிடைக்குமா, முன்பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பாஸ்போர்ட்டின் நகலைக் கொடுங்கள். மூலத்தை ஒருபோதும் மேசையில் விட்டு வராதீர்கள். முதியோர் இருந்தால் தரைத்தளம். குழந்தைகள் இருந்தால் அதிகாலையில் இட்லி கிடைக்கும் கடை.

சென்னையில் கப்பலேறுவோருக்கு வேறொரு வசதி உண்டு. பெங்களூரிலிருந்து ரயில் வழியில் ஏறத்தாழ 360 கிலோமீட்டர். சென்ட்ரல் நிலையத்திலிருந்து துறைமுகம் அண்மையிலேயே உள்ளது. சென்ட்ரல், எழும்பூர் ஆகிய நிலையங்களில் ரயில்வே ஓய்வறைகள் இருக்கின்றன. உறுதியான ரயில் சீட்டின் எண்ணைக் கொண்டு அவற்றை முன்பதிவு செய்யலாம். கிடைக்காவிடில் எழும்பூர் கென்னட் சந்திலும், பெரியமேட்டிலும், மண்ணடியிலும் எளிய விடுதிகள் உள்ளன. ஆனால் துறைமுகத்தை ஒட்டிய சாலைகளில் சரக்கு லாரிகள் நெருக்கும். தூரம் குறைவு என்று நேரத்தையும் குறைத்துவிடாதீர்கள்.

வழிப்போக்கருக்கு இடம் கொடுப்பதை நம் முன்னோர் அறமாகக் கருதினார்கள். கடல் கடந்து வந்த பௌத்தர்களுக்காக நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு இராஜராஜ சோழர் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயையே வழங்கினார். இராமேசுவர யாத்திரிகர்களுக்காகத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் அவற்றுள் ஒன்று. நாகப்பட்டினத்து முதியவர் வாடகை வாங்கினார் என்பது மெய்யே. ஆயினும் அந்த அறம் அவரிடம் எஞ்சியிருந்தது.

காங்கேசன்துறையில் இறங்கி, மேலும் நெடுந்தூரம் தரைவழியே சென்று, பெரியம்மாவின் வீட்டை அடைந்தோம். அக்காளும் தங்கையும் பேசிக்கொண்டதை இங்கே எழுதுவதற்கில்லை. நாங்கள் திரும்பி வந்த நான்காம் மாதம் பெரியம்மா காலமானார். அந்த ஓர் இரவு வாடகையை வீண் செலவு என்று எங்கள் மைத்துனர் இப்போது சொல்வதில்லை.