கிரான் மாணவரின் ஆங்கிலமும் தமிழ் இலக்கணமும்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை நோக்கி வடக்கே செல்லும் நெடுஞ்சாலையில் செங்கலடி, வந்தாறுமூலை, சித்தாண்டி, சந்திவெளி ஆகிய ஊர்களைக் கடந்தால் கிரானை அடையலாம். மேற்கே பரந்த வயல் நிலங்களைக் கொண்ட இவ்வூரில், மாரி வெள்ளம் பெருகும் ஆண்டுகளில் புலிபாய்ந்தகல் வீதி நீரில் மூழ்க, மக்கள் தோணியேறியே மறுகரை சேர்வர். இவ்வூர் மாணவர் வீட்டிலும் வயலிலும் வகுப்பறையிலும் தமிழிலேயே வாழ்பவர். ஆங்கிலம் அவருக்குப் பாடநூலிலும் விண்ணப்பப் படிவத்திலும் மட்டும் எதிர்ப்படும் மொழி. ஆயின், சில மைல் தெற்கே வந்தாறுமூலையில், 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்வுபெற்ற நிறுவனத்தில், விஞ்ஞானமும் விவசாயமும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றன. அச்சில மைல்களைக் கடப்பதற்கே இம்மாணவர் பெரும்பாடு படுகின்றனர்.

மட்டக்களப்புக்கு ஆங்கிலம் புதியதன்று. மெதடிஸ்த மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ற் 1814இல் இங்கு வந்து தொடங்கிய கல்விப்பணியே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரியின் மூலமாகும். எனினும் ஆங்கிலக் கல்வி நெடுங்காலம் நகரத்தைவிட்டு அகலவில்லை. 1945இல் வந்த இலவசக் கல்வியும், தாய்மொழி போதனாமொழியானமையுமே கிராமத்துப் பிள்ளைகளைப் பல்கலைக்கழக வாயில்வரை கொண்டு சேர்த்தன. ஆங்கிலம் தளர்ந்தமைக்குத் தாய்மொழிக் கல்வியே காரணம் என்பாருளர். அக்கூற்றை நாம் ஏற்கோம். காரைதீவில் தோன்றிய சுவாமி விபுலாநந்தர் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதராகவும் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியாகவும் ஒருங்கே விளங்கினார். ஷேக்ஸ்பியரின் நாடகங்களை ஆராய்ந்து மதங்கசூளாமணியைத் தமிழில் தந்தார். அவருக்குத் தமிழறிவு ஆங்கிலத்துக்குத் தடையாகவில்லை.

மாணவர் பிழைகளை அறியாமை எனத் தள்ளுதல் பழைய வழக்கம். 1957இல் றொபேட் லாடோ இரு மொழிகளின் அமைப்பை ஒப்பிட்டு, கற்பவர் இடர்ப்படும் இடங்களை முன்னறியலாம் என்றார். பத்தாண்டுகளின் பின், 1967இல், பிற் கோடர் என்பார் பிழைகளை மாணவர் மனத்துள் உருவாகும் ஒழுங்கின் அடையாளங்களாகக் கொண்டார். முன்னவர் எதிர்பார்த்த அளவுக்கு எல்லாப் பிழைகளும் தாய்மொழியால் விளைவனவல்ல என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆயினும், தமிழ் மாணவரின் பிழைகளிற் பலவற்றுக்குப் பின்னே தமிழிலக்கண விதியொன்று நிற்றலைக் காணலாம்.

முதலில் ‘எ’, ‘த’ என்னும் சுட்டிடைச்சொற்களை நோக்குவோம். இவை தமிழில் இல்லை என்று கூறிவிட்டு, எங்கு எது வரும் என மனனஞ் செய்விப்பதே பெருவழக்கு. ஆனால் இவை உணர்த்தும் பொருள் வேறுபாடு தமிழில் இல்லாமலில்லை. ‘வயல் வாங்கினான்’ என்றால் ஏதோ ஒரு வயல். ‘வயலை வாங்கினான்’ என்றால் பேசுவோனும் கேட்போனும் முன்னரே அறிந்த வயல். முன்னது தொகை, பின்னது விரி என்றுமட்டும் இலக்கண வகுப்பிற் கூறி அமைகின்றோம். முன்னதற்கு ஆங்கிலத்தில் ‘எ’ வரும், பின்னதற்கு ‘த’ வரும் எனக் காட்டினால், மாணவர் தம் நாவிலேயே அவ்வேற்றுமையை உணர்வர். இது முழு விதியன்று. உயர்திணைப் பெயர்க்கு ஐயுருபு பெரும்பாலும் வந்தே தீரும். எழுவாய்க்கோ உருபே இல்லை. அவ்விடங்களில் ‘அந்த’ என்னும் சுட்டைச் சேர்த்துப் பொருள் கெடாதிருக்கிறதா என வினவிப் பார்த்தல் ஓரளவு உதவும்.

இடத்தை உணர்த்தும் சொற்களிலும் இத்தகைய நிலையே. ‘கிரானில்’, ‘பிரதான வீதியில்’, ‘சந்தியில்’ என மூன்றிடத்தும் நாம் இல்லுருபையே ஆள்கின்றோம். ஆங்கிலமோ ஊருக்கு ‘இன்’ என்றும், வீதிக்கு ‘ஒன்’ என்றும், சந்திக்கு ‘அற்’ என்றும் பிரிக்கும். மாணவர் மூன்றுக்கும் ‘இன்’ என்றே எழுதுவர். நன்னூலார் ஏழாம் வேற்றுமைக்கு 28 உருபுகளைக் கூறுவதை நாம் பரீட்சைக்காகவே படிக்கின்றோம். அவற்றுள் உள், மேல், கண் என்பவற்றை எடுத்து, உட்பட்ட இடம், மேற்பரப்பு, ஒரு புள்ளி என மூன்றாக நிறுத்தினால், ஆங்கிலத்தின் பாகுபாடு அந்நியமாகத் தோன்றாது.

‘டிஸ்கஸ் அபவுற்’ என்னும் தொடர் மாணவர் எழுத்தில் மட்டுமன்று, அலுவலகக் கடிதங்களிலும் மலிந்துள்ளது. ‘அதைப் பற்றிக் கலந்துரையாடினோம்’ என்பதிலுள்ள ‘பற்றி’யே அங்கு ‘அபவுற்’ ஆயிற்று. ஆங்கில வினை அதனை வேண்டாது. இதற்கு மறுதலையாக, ‘எனக்கு விளக்குங்கள்’ என்பதன் நான்காமுருபு பெயரோடு ஒட்டிநிற்றலால், ‘எக்ஸ்பிளெயின்’ என்னும் வினையின் பின் வரவேண்டிய ‘ரு’ விடுபடுகிறது. ‘இரண்டு வருடமாகப் படிக்கிறேன்’ என நிகழ்காலத்தில் அமையும் தொடரை அவ்வாறே பெயர்ப்பதால் ‘ஹாவ் பீன்’ மறைகிறது.

இவை யாவும் மதிப்பெண்ணைக் குறைக்கும் பிழைகள். கடிதம் எழுதுவோரின் மதிப்பையே குறைக்கும் பிழை ஒன்றுண்டு. தமிழில் மரியாதை முன்னிலைப் பெயரிலும் வினைமுற்று விகுதியிலும் தங்கியுள்ளது. ‘தா’ என்பது ஏவல். ‘தாருங்கள்’ என்றதும் அது வேண்டுகோளாகிறது. ஆங்கிலத்தில் ‘நீ’க்கும் ‘நீங்கள்’க்கும் ‘யூ’ ஒன்றே; விகுதியுமில்லை. எனவே பணிவோடு ‘தாருங்கள்’ என எண்ணி எழுதிய மாணவரின் ‘கிவ் மீ’, படிப்பவர்க்குத் ‘தா’ என்றே ஒலிக்கும். ‘எனக்கு வேண்டும்’ என்பதும் ‘ஐ வோன்ற்’ ஆகி அதட்டலாகிவிடுகிறது. எழுதியவருக்கு இது தெரிவதில்லை, பெற்றவரும் சொல்வதில்லை, பதில் மட்டும் வராது. ஆங்கிலத்தின் பணிவு ‘குட்’, ‘வுட்’ முதலிய துணைவினைகளிலும், ஏவலை வினாவாக்குதலிலும், நிகழ்வதை இறந்தகாலம்போல் தள்ளிவைத்துக் கூறுதலிலும் உறைந்துள்ளது. நாம் விகுதியில் வைத்ததை அவர்கள் துணைவினையில் வைத்தனர் என்பதைத் தனிப்பாடமாகவே கற்பித்தல் வேண்டும். ஆசிரியரை ‘யூ’ என விளிக்கக் கூசி வாய்திறவாதிருக்கும் மாணவர்க்கும், இவ்விளக்கம் கிடைத்தால் நா எழும்.

சொல்வளத்துக்கு வருவோம். நாளொன்றுக்குப் பத்துச் சொல் மனனஞ் செய்யும் முறை பத்து நாளிற் சலித்துப்போகும். அயற்சொற்களை ஏற்றுப் பழகிய மக்கள் நாம். கதிரை, அலுமாரி, சப்பாத்து, பாண் என்பன போர்த்துக்கேயர் தந்தவை. கந்தோர் ஒல்லாந்தர் தந்தது. கொடுத்தலும் உண்டு. நம் அணைக்கட்டு ‘அனிக்கற்’ என நீர்ப்பாசன ஆங்கிலத்திற் புகுந்தது. சுருட்டு ‘செரூற்’ ஆயிற்று. கட்டுமரம் ‘கற்றமரான்’ ஆகி, இன்று இரட்டை உடல் கொண்ட உல்லாசப் படகைக் குறிக்கிறது. கட்டுமரத்தை அறிந்த மீனவர் அப்படகைக் கண்டால் நகைப்பர்.

தெரிந்த சொல்லே இடறும் இடங்களும் உள. நம் நாட்டு ஆங்கிலத்தில் ‘ராங்க்’ என்றால் குளம். இங்கிலாந்தில் அது தண்ணீர்த் தொட்டி. இங்கு ‘ஹொட்டேல்’ சோறுண்ணும் கடை, அங்கு தங்குமிடம். இவற்றைப் பிழையென அடித்தல் தகாது. குளங்களால் வாழும் நாட்டில் ‘ராங்க்’ என்பது நிலைபெற்ற வழக்கு. யாருக்கு எழுதுகின்றோம் என்பதை மட்டும் மாணவர் அறிந்திருத்தல் போதும்.

பயிற்சிக்கு உரிய பொருளும் ஊரிலேயே உண்டு. ‘என் விடுமுறை’ என்னும் தேய்ந்த தலைப்பை விடுத்து, வெள்ளக் காலத்தில் தோணிச் சேவையை நீடிக்குமாறு பிரதேச செயலாளருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதச் சொல்லலாம். வீதி எவ்விடத்தில் மூழ்கியது, எத்தனை நாளாக மூழ்கியுள்ளது, முன்னர்க் குறிப்பிட்ட தோணி எது, எவ்வாறு பணிந்து கேட்பது என மேலே கூறிய இடர்கள் அனைத்தும் அக்கடிதத்தில் எதிர்ப்படும். ‘படுவான்கரை’ என்பதை எவ்வாறு பெயர்ப்பது என மாணவர் கேட்பர். பெயர்க்க வேண்டாம், ஆங்கில எழுத்தில் அவ்வாறே எழுதி, கதிரவன் படும் திசையிலுள்ள கரை என ஒரு தொடரால் விளக்கட்டும். ‘அனிக்கற்’ அவ்வழியேதான் அம்மொழிக்குட் சென்றது.