அந்த டி-ஷர்ட் கோடுகளுக்குப் பின்னால் ஓர் ஆல்பம்!

கறுப்பு டி-ஷர்ட்டில் மலைத்தொடர் மாதிரி வெள்ளைக் கோடுகள்... நீங்களும் பார்த்திருப்பீங்க. அது மலையும் இல்லை, இதயத்துடிப்பும் இல்லை. 1967-ல் முதன்முதலில் கண்டறியப்பட்ட பல்சர் நட்சத்திரத்தின் ரேடியோ துடிப்புகள்! சுமார் 1.34 விநாடிக்கு ஒரு துடிப்பு.

அதை ஆல்பம் அட்டையாக்கியது இங்கிலாந்தின் 'ஜாய் டிவிஷன்' இசைக்குழு. 1979 ஜூனில் வந்த அவர்களின் முதல் ஆல்பம், 'அன்நோன் ப்ளஷர்ஸ்'. பீட்டர் சாவில் வடிவமைத்த அட்டையின் முன்பக்கத்தில் குழுவின் பெயர்கூட கிடையாது.

சரி, பாட்டு எப்படி? பங்க் என்றால் வேகம், கோபம், கூச்சல். அந்தக் கோபம் உள்ளுக்குள் திரும்பினால் என்ன ஆகும்? அதுதான் இந்த போஸ்ட்-பங்க். தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானட், டிஜிட்டல் டிலே கருவியை வைத்து டிரம்ஸை ஆளில்லாத கட்டடத்தில் ஒலிப்பதுபோல மாற்றினார். லிஃப்ட் சத்தம், பாட்டில் உடையும் சத்தம்கூட உண்டு. 'நம்ம மேடை வேகம் போச்சே' என்று குழுவில் சிலருக்கு வருத்தம். இன்று அந்த வெறுமைதான் ஆல்பத்தின் அடையாளம்.

வரிகளை எழுதிப் பாடியவர் இயான் கர்ட்டிஸ். வலிப்பு நோயோடும் மன அழுத்தத்தோடும் போராடியவர், 1980 மே மாதம் தற்கொலை செய்துகொண்டார். வயது 23. அவர் எழுதியதை வெறும் பாட்டாக மட்டுமே எடுத்துக்கொண்டோமே என்று நண்பர்கள் பிறகு வருந்தினார்கள்.

மொத்தம் 10 பாட்டு, 40 நிமிடத்துக்கும் குறைவு. ஹெட்ஃபோனில் ஒருமுறை கேளுங்க. உங்க நண்பர் யாராவது சோகமா ஸ்டேட்டஸ் போட்டால், 'சும்மா போடுறான்'னு ஸ்க்ரோல் பண்ணாம, ஒரு போன் பண்ணிப் பேசுங்க!